நான் காணேல்லை, பிள்ளை

ஞாயிறு பூசைக்கு முன்னர் மாதா கோயில் வாசலில் நின்று, "அக்கா, சுவாமி வந்திட்டாரோ?" என்று கேட்டால், "சுவாமியின்ரை கார் நிக்குது. சுவாமியை நான் காணேல்லை, பிள்ளை" என்பார். கார் நின்றால் பூசை வைக்கிற சுவாமியும் வந்திருப்பார்தானே என்று நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். ஒருமுறை அது சரியாகவும் போயிற்று. சுவாமி முதல் நாள் காரைக் கோயிலில் விட்டுவிட்டுப் போய், வேறோர் இடத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தார். பூசை தொடங்கும் என்று நம்பி அரை மணி நேரம் வருகைப் பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தோம்.

அவருடைய பேரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் கோயில் பங்கில் எல்லாருக்கும் அவர் அக்கா. மன்னார்ப் பக்கம். கட்டை உருவம், மண்ணிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் நூலில் தொங்கும் கண்ணாடி. கிழமை நாட்களில் சவுத்தாலில் தம்பியாரின் சமையல்கூடத்தில் வேலை. றோல்ஸ், பற்றிஸ் என்று சிற்றுண்டி எல்லாம் செய்து லண்டன் முழுக்கக் கடைகளுக்கு அனுப்புகிற இடம். சனிக்கிழமை காலையில் மட்டும் கோயிலுக்கு வந்து பீடத்துத் துணிகளைத் தைத்து, தோய்த்து, இஸ்திரி போடுவார். நான் ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் பிடித்து வந்து கூட நின்று உதவி செய்வேன். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

கண்ணால் காணாத ஒன்றை அவர் வாயால் சொல்ல மாட்டார். அவ்வளவுதான் அவர்.

இதனால் அவருக்குப் பகையும் வந்தது. எங்கள் பங்கில் ஒரு பெண்பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள். யாரோ அக்காவைக் கை காட்டிவிட்டார்கள். "பிள்ளை எப்பிடி?" என்று கேட்டதற்கு அக்கா சொன்னாராம்: "ஞாயிற்றுக்கிழமையிலை பூசைக்கு வாறவ. நல்லாப் பாடுறவ. மற்ற ஆறு நாளும் நான் காணேல்லை." வந்தவர்கள் அந்த ஆறு நாளைப் பற்றி யோசித்துக்கொண்டே போய்விட்டார்கள். பிள்ளையின் தாய் ஒரு வருடம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஒரு நல்ல சொல்லுச் சொன்னால் நாக்குத் தேஞ்சு போகுமோ?" என்று என்னிடம் குறைப்பட்டார். அந்தத் தாயின் பக்கம்தான் அன்றைக்கு நானும் நின்றேன்.

இன்னொரு முறை, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாதா படத்திலிருந்து கண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு எல்லாரும் மெழுகுதிரியோடு போனோம். நான் முழங்காலில் நின்று அழுதேன். அக்கா கிட்டப் போய் விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்ததும், "என்ன அக்கா, கண்டியளோ?" என்று கேட்டார்கள். "ஈரம் கண்டன். எங்கையிருந்து வந்தது எண்டு காணேல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை கேட்டேன்: "அப்ப ஆண்டவர் உயிர்த்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இல்லை. அதுதான் விசுவசிக்கிறன் எண்டு சொல்லுறம், பிள்ளை. கண்டன் எண்டு ஒரு நாளும் சொல்லுறேல்லையே."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அன்றிலிருந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அந்த "விசுவசிக்கிறேன்" என்ற சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.

ஏன் அவர் அப்படி ஆனார் என்பதை ஒரே ஒரு தடவை சொன்னார். ஒரு துணியின் மூலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "என்ரை மனுசனை இயக்கக் கூட்டத்துக்குள்ளை கண்டன் எண்டு ஒருத்தன் ஆமிக்குத் தலையாட்டிப் பிடிச்சுக் குடுத்தவன். அவன் காணேல்லை. அண்டைக்கு இவர் காய்ச்சலோடை வீட்டிலை." மற்ற மூலையை நான் மடித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு வேலை எடுத்துக் கொடுத்ததும் அக்காதான். அதற்கு முந்தி இவர் இரண்டு வருடம் குடித்தார். எதையும் மறைக்காமல் எழுதுவது என்று உட்கார்ந்திருப்பதால் இதையும் எழுதுகிறேன். பிறகு ஒரு கோடையில் மாதாவின் திருத்தலத்துக்கு யாத்திரை போன இடத்தில், பிள்ளைகளின் தலையில் கை வைத்து இனித் தொட மாட்டேன் என்றார். தொடவில்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்காவிடம் போய், "இவர் இப்ப நல்ல மாதிரி, தம்பியாரிட்டை ஒரு வேலை கேட்டுச் சொல்லுங்கோ" என்றேன். "நல்ல மாதிரியோ எண்டு நான் காணேல்லை. வேலை இருக்கு எண்டது தெரியும்" என்றார். அடுத்த திங்கள் இவர் வேலைக்குப் போனார்.

மூன்றாம் வருடத்தில் மா பிசைகிற மெஷினுக்குள் இவருடைய வலது கை போய்விட்டது. அந்த மெஷினின் வாய்க்கு மேலே ஒரு கம்பிக்கூடு உண்டு. கூடு மூடியிருந்தால்தான் சுழலும். அன்று கூடு இல்லாமலே அது சுழன்றது. மூன்று விரல் எலும்பு நொறுங்கி, இரண்டு தரம் வெட்டித் தைத்தும் கை இன்றுவரை பொத்துவதில்லை.

முதல் கிழமை முதலாளி, அதுதான் அக்காவின் தம்பியார், ஆஸ்பத்திரிக்கு வந்து இவருடைய காலைப் பிடித்து அழுதார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்து போனவர். பயத்தில் வேறு ஒரு கதை சொல்லத் தொடங்கினார். கூட்டை இவரே கழற்றினாராம். அன்றைக்குக் காலையிலேயே குடித்துவிட்டு வந்தாராம், மணத்ததாம். நாங்கள் வழக்குப் போட்டபோது இதையே கடிதத்தில் எழுதி அனுப்பினார். பங்கு முழுக்க அந்தக் கதை பரவியது. பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் ஒருவர் இவருடைய முகத்துக்குக் கிட்டக் குனிந்து மணந்து பார்த்ததை நான் கண்டேன்.

இவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்: "நான் தொடேல்லை." நான் "தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது. யாத்திரைக்கு முந்திய இரண்டு வருடத்தில் அதே சொல்லை எத்தனை தரம் கேட்டிருப்பேன்.

அந்தக் காலை சமையல்கூடத்தில் முதலாளியையும் இவரையும் தவிர நின்றது அக்கா மட்டும்தான்.

அதுவும் அவர் வெறும் வேலையாள் இல்லை என்பது வழக்குப் போட்ட பிறகுதான் தெரிய வந்தது. பதிவுப் பத்திரத்தில் தம்பியாரோடு அவரும் ஒரு பங்காளி. வழக்கில் தம்பியார் முதலாம் எதிராளி, அக்கா இரண்டாம் எதிராளி. நான் பதறிப் போய்க் கேட்டபோது அவருடைய முகம் சிவந்தது. "தம்பி கையெழுத்து வையுங்கோ எண்டான். வைச்சன். என்ன எழுதியிருந்தது எண்டு நான் பாக்கேல்லை" என்றார். எங்கள் ஆட்களுக்குள் இது நடக்கிறதுதான், கூடப்பிறந்தவன் நீட்டுகிற தாளை வாசித்துப் பார்த்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். ஆனால் அக்காவும் அப்படிச் செய்திருந்தார் என்பது எனக்கு அதிசயமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் நேரே கேட்டேன். "அக்கா, அண்டைக்கு நீங்கள் அங்கைதானே நிண்டனீங்கள்?"

கையில் இருந்த துணியை முழுவதும் இஸ்திரி போட்டு முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "தம்பியை நான் வளத்தனான். அவனுக்கு எதிரா நானா எழும்பி வரமாட்டன், பிள்ளை."

"அப்ப நடந்ததை ஆர் சொல்லுறது?"

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

"நான் கேக்கிறன்தானே, அக்கா."

"நீர் அவரின்ரை மனுசி. நான் இவன்ரை அக்கா. இஸ்திரிப் பெட்டிக்கு ரெண்டு பக்கமும் நிண்டு நாங்கள் கதைக்கிறதிலை ஆருக்கு என்ன?"

அதோடு, வருகிற மாதம் தான் ஒரேயடியாக ஊருக்குப் போகப் போவதாகவும், தம்பி டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் சொன்னார். வழக்கு விசாரணைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஹரோவில் எங்களுக்கு ஒரு வழக்கறிஞர் இருந்தார். இங்கே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழ்ப் பிள்ளை. அழுதுகொண்டு போய் டிக்கெட் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"அவங்க ஊருக்குப் போயிட்டா நம்மால ஒண்ணும் செய்ய முடியாதுக்கா. போறதுக்கு முன்னாடியே வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்லி கோர்ட்ல உத்தரவு கேட்கலாம். கோர்ட் ஆளு ஒருத்தர் முன்னாடி, சத்தியம் பண்ணி, ரெண்டு பக்கமும் கேள்வி கேட்போம். எல்லாம் எழுதிப்பாங்க."

"வரமாட்டன் எண்டால்?"

"உத்தரவு வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. கோர்ட்டை மதிக்கலைன்னு ஆயிடும். தண்டனை கூட வரலாம்."

நான் செபமாலை சொல்லும்போது மறுபாதி சொல்லுகிற மனுசியை, தண்டனை என்று பயம் காட்டி இழுத்து வரப் பார்க்கிறேன். நினைக்கவே கூசியது. இவரோ, "விடும், அவ பாவம், போகட்டும்" என்றார். அந்த "விடும்" என்ற சொல்தான் என்னை அந்த மனுவில் கையெழுத்து வைக்கச் செய்தது. அவர் அக்காவுக்கு இரங்கிச் சொன்னாரோ, அக்கா எதையாவது சொல்லிவிடுவார் என்று பயந்து சொன்னாரோ, எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உத்தரவு வந்தது. அதை அவருடைய கையிலேயே கொடுக்க வேண்டுமாம். கொண்டு போன மனிதர் ஹரோவில் தம்பியார் வீட்டுக்கு இரண்டு தரம் போனார். இரண்டு தரமும் தம்பியார் மனைவி கதவைப் பாதி திறந்து, ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். விமானத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. வழக்கறிஞர் எனக்கு போன் எடுத்தார்: "அக்கா, அவங்க நிச்சயமா நிற்கிற இடம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். சனிக்கிழமை, பதினொரு மணி, கோயிலின் பக்கக் கேட். கோயிலுக்கு உள்ளே வேண்டாம், கேட்டுக்கு வெளியே என்று கெஞ்சினேன். ஆண்டவரைக் காட்டிக் கொடுத்த ஒலிவ் தோட்டம் ஞாபகம் வராமல் இருக்குமா? வந்தது.

வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் காட்டிக் கொடுத்துவிட்டு ஒளிந்திருக்க மனம் வரவில்லை. வழக்கம் போலப் போய்க் கூட நின்று மடித்தேன். துணிப் பையோடு இருவரும் வெளியே வந்தபோது உத்தரவோடு ஒரு உயரமான மனிதர் நின்றார். பேரைக் கேட்டார். அக்கா ஓம் என்று தலையை ஆட்டினார். அந்த மனிதர் தாளை நீட்டினார்.

அக்கா பையைக் கீழே வைத்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உதடு அசைய வாசித்தார். அவருடைய ஆங்கிலத்துக்கு அது நெடுநேரம் பிடித்தது. தூறல் விழுந்தது. அந்த மனிதர் பொறுமையாக நின்றார். வாசித்து முடித்து, தாளை எட்டாக மடித்து, பீடத் துணிகளுக்கு மேலே வைத்தார்.

"நான் இங்கை நிப்பன் எண்டு நீரோ சொன்னனீர்?"

"ஓம், அக்கா."

"ம்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.

பிறகு வீட்டில் நடந்ததைத் தம்பியார் மனைவியே கோயிலில் சொல்லித் திரிந்தார். தாள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறுங்கோ அக்கா என்று தம்பியார் மன்றாடினாராம். "என்ரை கையிலை தந்தவன். நான் கண்டனான்" என்றுவிட்டாராம். டிக்கெட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போட வேண்டி வந்ததாம். "பைத்தியம் அது" என்றார் தம்பியார் மனைவி.

வாக்குமூலம் எடுத்தது ஹரோவில், கடைகளுக்கு மேலே ஒரு அறையில். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். நீள மேசையின் தலைப்பில் கோர்ட் நியமித்த வெள்ளைத் தலை அம்மா ஒருவர். ஒரு பக்கம் நாங்களும் எங்கள் வழக்கறிஞரும், மறுபக்கம் தம்பியாரும் அவருடைய வழக்கறிஞரும். அக்கா தனக்கென்று யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய திருநாளுக்கு உடுத்துகிற சேலையோடு தனியாக வந்திருந்தார். மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழர். பைபிளைக் கையில் கொடுத்தபோது அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்டார். கூட்டைக் கழற்றியது யார்?

"தம்பி."

பார்த்தீர்களா?

"கண்டனான். மூண்டு நாளைக்கு முதல். ஸ்பானராலை. நாலு ஆணி. ஆணியளை வெறும் பால் தகரப் பேணிக்குள்ளை போட்டவன். பிறகு கூட்டின்ரை சுவிச்சை டேப்பாலை அமத்தி ஒட்டினவன், கூடு இல்லாமலே மெஷின் சுத்தினது. நான் மேசைக்கு மற்றப் பக்கம் பற்றிஸ் மடிச்சுக்கொண்டு நிண்டனான்."

ஏன் கழற்றினார்?

"அவன்ரை மனசிலை என்ன எண்டு எனக்குத் தெரியாது. கூடு திறந்தால் மெஷின் நிக்குது, ஓடர் பிந்துது எண்டு அவன் கத்தினதைக் கேட்டனான்."

பிறகு கேள்வி இல்லாமலே, "நானும் கண்டுகொண்டு நிண்டனான். நானும் ஒண்டும் சொல்லேல்லை. அதையும் எழுதச் சொல்லுங்கோ" என்றார். அது ஆங்கிலத்தில் சொல்லப்பட்டபோது அந்த வெள்ளைத் தலை அம்மா நிமிர்ந்து பார்த்தார். தம்பியார் மேசையைப் பார்த்தார்.

அடுத்து தம்பியாரின் வழக்கறிஞர் எழுந்தார். அன்று காலையில் இவர் குடித்திருந்தாரா?

"குடிச்சதை நான் காணேல்லை."

"அப்போ, அவர் குடிக்கலைன்னு உங்களால சொல்ல முடியுமாம்மா?" என்று மொழிபெயர்ப்பவர் கேட்டார்.

"சொல்ல ஏலாது. விடிய எட்டு மணிக்கு முதல் நான் அவரைக் காணேல்லை."

அந்த வழக்கறிஞர் அதைக் கோடு போட்டு எழுதிக்கொண்டார். இதற்காகவா இந்த மனுசியைக் கோர்ட் தாள் கொடுத்து இழுத்து வந்தேன்? ஒரு நல்ல சொல்லுச் சொன்னால் நாக்குத் தேய்ந்து போகுமோ என்று நானும் நினைத்தேன்.

எங்கள் வழக்கறிஞர் மறுபடியும் எழுந்தார். "எட்டு மணிக்கு அப்புறம் என்ன பார்த்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"வந்தவர். கை கழுவினவர். மெஷினுக்கு முன்னாலை சிலுவை போட்டவர். அது எப்பவும் போடுறவர். நான் பீடத்துத் துணி ஒண்டின்ரை விளிம்பு பிரிஞ்சு போச்செண்டு தைக்கக் கொண்டு போனனான். ஊசிக்கு நூல் கோத்துத் தாரும் எண்டு குடுத்தன். சின்ன ஊசி. கோத்துத் தந்தவர்."

எத்தனை தரம் முயன்றார்?

"ஒரே தரம். நூலைப் பல்லாலை கடிச்சு, ஒரே தரத்திலை விட்டவர். இந்தக் கையாலை." மேசையில் கிடந்த இவருடைய வலது கையைக் காட்டினார். "அதுக்குப் பிறகு பத்து நிமிசம் இருக்காது."

தம்பியாரின் வழக்கறிஞர் விடவில்லை. ஊசிக்கு நூல் கோக்க முடியாத கண்ணால் ஆணி நான்கு என்று எப்படி எண்ணினீர்கள்?

"எனக்குக் கிட்டடிதான் தெரியாது. எட்டத்திலை இருக்கிறது வடிவாத் தெரியும்."

குடித்தவராலும் ஊசிக்கு நூல் கோக்க முடியும் அல்லவா?

"அது எனக்குத் தெரியாது. கோத்ததைத்தான் கண்டன்."

அவர் உட்கார்ந்தார். சில மாதத்தில், குடி என்று எழுதியதைத் திரும்பப் பெறுவதாக அவர்களிடமிருந்து கடிதம் வந்தது, வழக்கும் கோர்ட்டுக்குப் போகாமலே முடிந்தது. அக்கா அந்த வாக்குமூலம் கொடுத்த கிழமையே மன்னாருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

அன்றைக்கு எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது படிக்கட்டின் மேலே அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். தம்பியார் எங்களைத் தாண்டி இறங்கிப் போனார். அக்காவைக் கூட்டிப் போக நிற்கவில்லை. இவர் நாலு படி கீழே எனக்காக நின்றார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களைக் கட்டாயப்படுத்திப்போட்டன்."

"கேக்க வேண்டிய இடத்திலை கேட்டினம். சொன்னன். தம்பியும் என்னைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பன். அதுக்கு என்னத்துக்கு மன்னிப்பு?" கண்ணாடியைக் கழுத்தில் விழ விட்டார். "மன்னிப்புக் கேக்கிறதெண்டால் கீழை நிக்கிற அவரிட்டைக் கேளும்."

"ஏன், அக்கா?"

"குடிச்சவரோ எண்டு அந்த மனுசன் என்னைக் கேக்கேக்கை எல்லாரும் என்ரை முகத்தைப் பாத்தினம். நீர் உம்மடை மனுசன்ரை முகத்தைப் பாத்தனீர். நான் கண்டனான், பிள்ளை."

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். இவருக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த வலது கையை எடுத்து, விரல்களை மெல்ல ஒருமுறை பொத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்டேஷன் பெஞ்சில் நானும் இவரும் இரண்டு ரயிலை விட்டோம். மூன்றாவது வருவதற்கு முன்னர் கேட்டேன்: "ஊசி விசயத்தை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஊசிக்கு நூல் கோத்ததை ஆர் நினைவிலை வைச்சிருப்பினம்?"

"நான் உங்களை நம்பேல்லை" என்றேன். அதைச் சொல்ல வாய் வந்ததே பெரிது.

"தெரியும்" என்றார்.

மூன்றாவது ரயில் வந்து நின்றது. எழுந்து, அந்தப் பொத்தாத கையை எனக்கு நீட்டினார்.